இரண்டு தோள்களும் ஒரு பெல்ட்டும்

(ரமளானை முன்னிட்டு நடைபெற்ற மருத்துவ உதவி ஆலோசனைக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.



சென்ற மாதம் ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் டேனரியில் டிரம் வேலை பார்த்தவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஒருநாள் ஃபஜ்ருக்கு எழுந்தவர் வலது கையும் காலும் வராமல் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கட்டிலை விட்டு இறங்கவில்லை.

அந்தச் சகோதரியின் மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். ஒருவரை மேலே ஒரு பெல்ட்டில் கட்டி, ஓடுகிற பட்டையின் மேல் நிறுத்தி நடக்க வைக்கிறார்கள். "பாய், அந்த மெஷின்ல போட்டா இவரும் நடந்துடுவாரா? ஒரு இடத்துல கேட்டோம், நடக்க வச்சுடறோம்னு சொல்றாங்க. கழுத்துல இருக்கறத வித்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

அதே வாரம் நம் நிர்வாகக் குழுவிலும் ஒரு யோசனை வந்தது. இந்த ரமளான் வசூலில் அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்றை வாங்கி நம் கிளினிக்கில் வைத்தால் என்ன என்று ஒரு கொடையாளர் கேட்டார். நல்ல எண்ணம். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தரட்டும்.

இரண்டு கேள்விக்கும் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் மருத்துவன் அல்ல. மருத்துவர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டேன், படிக்க வேண்டியதைப் படித்தேன். தெரிந்துகொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறேன். முடிவை நாம் சேர்ந்து எடுப்போம்.

பெல்ட் என்ன செய்கிறது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நோய் நாட்களை நினைத்துப் பாருங்கள். உடல் சற்று இலேசானதாக உணர்ந்த ஒரு வேளையில், இரண்டு பேருக்கு நடுவில் தாங்கலாகப் பள்ளிக்கு வந்தார்கள். திருப்பாதங்கள் தரையில் இழுபட்டன. ஒருவர் அப்பாஸ் (ரலி), மற்றவர் அலி (ரலி) என்று புகாரியில் வருகிறது. ஸஹாபாக்கள் காலத்தில் நோயாளியைக்கூட இரண்டு பேர் தாங்கி வந்து ஸஃப்பில் நிறுத்துவார்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் செய்தியிலும் காண்கிறோம்.

இரண்டு தோள்கள் எடையைத் தாங்குகின்றன. கால்கள் தம்மால் முடிந்ததைச் செய்கின்றன. அந்தப் பெல்ட் செய்வதும் இதே வேலைதான்.

நெஞ்சு, இடுப்பு, தொடை ஆகியவற்றைச் சுற்றி அந்தப் பெல்ட்டைக் கட்டுவார்கள். அது மேலே ஒரு சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். உடல் எடையில் ஒரு பங்கை அது ஏற்றுக்கொள்ளும். 70 கிலோ உள்ளவருக்கு 20 கிலோவைப் பெல்ட் தாங்கினால், கால்கள் தாங்க வேண்டியது 50 கிலோதான். வழக்கமாக மொத்த எடையில் 30, 40 சதவீதத்துக்கு மேல் தாங்க விடுவதில்லை. அதற்கு மேல் தூக்கினால் கால் தரையை உணராது, நடையும் நடையாக இருக்காது. கீழே டிரெட்மில் மெதுவாக ஓடும். ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து வராத காலைப் பிடித்து எடுத்து வைப்பார். இன்னொருவர் பின்னால் நின்று இடுப்பை நேராகப் பிடிப்பார். நாள் ஆக ஆகப் பெல்ட்டின் தாங்கலைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தரையில் நடக்க விடுவார்கள்.

சில இடங்களில் ஆட்களுக்குப் பதில் இயந்திரக் கால்களே நோயாளியின் கால்களைப் பிடித்து நடத்தும். அதுதான் ரோபோ பயிற்சி. நீங்கள் வீடியோவில் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது? 1980-களில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளை ஓடும் பட்டையில் நிறுத்தி, உடலைத் தாங்கிப் பிடித்து, நாள்தோறும் பழக்கினார்கள். மூளையின் கட்டளை வராத பின்னங்கால்கள் மறுபடி அடியெடுத்து வைத்தன. நடையின் தாளத்தில் ஒரு பங்கு தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது, பழக்கினால் அது விழித்துக்கொள்கிறது என்று தெரிந்தது. 1990-களின் தொடக்கத்தில் கனடாவிலும் ஜெர்மனியிலும் மனிதர்களுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். மனிதனுக்கு மூளையின் பங்கு பூனையைவிட அதிகம். ஆனாலும் அடிப்படை ஒன்றே: திரும்பத் திரும்பச் செய்தால்தான் நரம்பு கற்றுக்கொள்ளும்.

நம் ஹிஃப்ழ் பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு ஸபக்கை எத்தனை தடவை ஓதுகிறார்கள்! இன்று ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை ஓதினால் மனதில் நிற்குமா? பாதிக்கப்பட்ட மூளைக்கும் அதே கணக்குதான். வாரம் ஒருநாள் ஆட்டோ பிடித்துப் போய், பத்து நிமிடம் காலை ஆட்டிவிட்டு வருவதால் நடை வராது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்த முறை மற்றப் பயிற்சிகளைவிட மேலானதா?

தண்டுவடத்தில் பகுதிக் காயம் பட்ட 146 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓர் ஆய்வு நடந்தது. 2006-இல் முடிவு வெளிவந்தது. பாதிப் பேருக்குப் பெல்ட் கட்டிய டிரெட்மில் பயிற்சி, மறுபாதிப் பேருக்கு அதே அளவு நேரம் தரையில் நடைப்பயிற்சி. இரண்டு தரப்பும் ஒரே அளவில்தான் முன்னேறின.

பக்கவாதம் வந்த 408 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2011-இல் வெளியானது. ஒரு பிரிவுக்குப் பெல்ட் பயிற்சியை இரண்டாம் மாதத்தில் தொடங்கினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே பயிற்சியை ஆறாம் மாதத்தில் தொடங்கினார்கள். மூன்றாம் பிரிவினரின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் போய், இரண்டாம் மாதம் முதல் பலமும் சமநிலையும் கூட்டும் பயிற்சி கொடுத்தார். எல்லாருக்கும் வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 90 நிமிடம், மொத்தம் 36 அமர்வுகள். ஓராண்டு முடிவில் 52 சதவீதம் பேரின் நடை ஒரு படி மேலே வந்திருந்தது. மூன்று பிரிவுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. விலை உயர்ந்த ஏற்பாடும், வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

இந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆறாம் மாதம் வரை காத்திருந்த பிரிவும் ஓராண்டில் மற்றவர்களை எட்டிப் பிடித்தது. "ஆறு மாதம் போச்சு, இனி ஒன்றும் இல்லை" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் இயந்திரமே வீணா? அப்படியும் சொல்ல முடியாது. முதல் மூன்று மாதத்துக்குள், தானாக நடக்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, வழக்கமான பிசியோதெரபியுடன் இயந்திர நடைப்பயிற்சியையும் சேர்த்தால், பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஓரளவு நடப்பவர்களுக்கு டிரெட்மில் பயிற்சி வேகத்தையும் தெம்பையும் கூட்டுகிறது. ஆகவே அதற்கென்று ஒரு வேளையும் இடமும் உண்டு. அந்த இடம், தேர்ந்த மருத்துவர்கள் கண்காணிக்கும் மருத்துவமனை.

"அப்படியானால் வீட்டாருக்கே கற்றுக்கொடுத்துவிட்டால் போதுமே, பிசியோதெரபிஸ்ட் எதற்கு?" என்று கேட்கலாம். அதையும் நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் பக்கவாதம் வந்த 1250 பேர் சேர்ந்த ஆய்வு அது. முடிவு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவில் வீட்டார் ஒருவருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, வீட்டில் அவரே செய்விக்க ஏற்பாடு செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களின் நிலை மேலாக இல்லை. மனைவி மக்களின் அன்பில் குறை இல்லை. ஆனால் அந்தச் சுமையை அவர்கள் தலையில் மட்டும் வைத்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது என்பதே இதில் நான் கண்ட பாடம்.

நான் செய்த தவறு

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் மச்சானுக்குப் பக்கவாதம் வந்தது. சீக்கிரம் நடக்க வைக்க வேண்டும் என்ற ஆசையில், கூடத்து விட்டத்தில் பிள்ளைக்குத் தூளி கட்டுகிற கொக்கி இருந்ததே, அதில் கயிறு போட்டு, கம்பெனியில் வேலை செய்யும் பையனிடம் சொல்லித் தோல் பெல்ட் ஒன்று தைத்து வாங்கி, அவரை நிறுத்தினோம். நம் ஊரில் தோல் வேலைக்கா பஞ்சம்! தையல் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் முடிச்சு நழுவியது. அவர் விழப் போனபோது நான் பதறி, வராத கையைப் பிடித்து இழுத்தேன். தோள்பட்டை மூட்டு இறங்கிவிட்டது. கால் பிறகு ஓரளவு வந்தது. ஆனால் மவுத்தாகும் வரை அந்தத் தோள்வலி அவரை விடவில்லை. அல்லாஹ் அவரை மன்னித்து, என்னையும் மன்னிக்கட்டும்.

அதனால் சொல்கிறேன், யாரும் வீட்டில் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டாம். பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது வராத கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அக்குளில் கை கொடுத்தும் தூக்க வேண்டாம். இடுப்பைப் பிடித்து எழுப்புவதே முறை. அதைப் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை செய்து காட்டினால் வீட்டார் கற்றுக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் அடங்காதவர், எலும்பு முறிவு இருப்பவர், படுக்கைப் புண் இருப்பவர், காலில் இரத்தக் கட்டு இருப்பவர் ஆகியோரை மருத்துவர் பார்க்காமல் நிறுத்தவே கூடாது.

நடப்பது மட்டுமே நலமா?

தண்டுவடம் முழுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். மாடியிலிருந்து விழுந்தவர், ஹைவேயில் பைக்கில் அடிபட்டவர். அவர்களிடமும் "மெஷினில் போட்டால் நடப்பாய்" என்று சொல்லிப் பணம் பறிப்பது பாவம். அவர்களுக்கு வேண்டியது வேறு. அதற்கு நம் வேலூரே சாட்சி.

சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் மருத்துவர் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் அவருடைய தண்டுவடம் பாதிக்கப்பட்டது. இரண்டு கால்களும் செயலிழந்தன. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டுடன் பணியாற்றி, தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க் சென்று அந்தத் துறையைப் படித்தார். திரும்பி வந்து சி.எம்.சி.யில் அதற்கென ஒரு துறையை நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்றும் அந்த நிலையம் அவர் பெயரில் இருக்கிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே குளிப்பது, சிறுநீர் வழியைப் பேணுவது, புண் வராமல் காப்பது, மறுபடி ஒரு தொழில் செய்வது இவையெல்லாம் அங்கே பாடம். எத்தனையோ பேரை வாழ வைத்த அந்த அம்மையார் மறுபடி நம்மைப் போல நடக்கவில்லை. அவருடைய வாழ்க்கை வீணாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

நம் மார்க்கமும் இதைத்தான் கற்றுத் தருகிறது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். உட்கார முடியாதவர் படுத்தபடி தொழலாம். எந்த நிலையிலும் தொழுகை குறைந்ததாகாது. ஆனால் நிற்க முடிகிறவரை நாம் சோம்பலால் படுக்க வைத்துவிட்டால், அந்தக் குற்றம் நம்முடையது.

என் யோசனை

இயந்திரத்துக்குப் பல லட்சம் ஆகும். அதை இயக்க ஆள் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். கட்டிலை விட்டு இறங்காதவரை நம் கிளினிக் வரை கொண்டுவர வண்டி வேண்டும். ஷூ கம்பெனிக்குக் காலையில் வேன் ஏறிப் போகும் மனைவி, அவரை யார் துணையில் அனுப்புவார்?

அதற்குப் பதில், பிசியோதெரபிஸ்ட் ஒருவரை நாம் சம்பளத்துக்கு வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு நான்கு வீடு, வாரம் ஆறு நாள். ஒவ்வொருவருக்கும் வாரம் மூன்று முறை என்றால் எட்டு நோயாளிகள். 12 வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. மொத்தம் 32 குடும்பம். பெண் நோயாளிகள் கூச்சத்தால் சிகிச்சையையே தவிர்க்கிறார்கள். எனவே பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் பகுதி நேரமாக வேண்டும். முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களுக்கு மருத்துவர் இயந்திரப் பயிற்சி தேவை என்று எழுதிக் கொடுத்தால், மருத்துவமனைக் கட்டணத்துக்கும் வண்டிச் செலவுக்கும் உதவுவோம்.

ஜகாத் விஷயத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஜகாத் பணம் ஏழையின் கைக்கு உடைமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பது நம் ஹனஃபி மத்ஹபின் சட்டம். அறக்கட்டளையின் சொத்தாக இருக்கப்போகும் இயந்திரத்தை ஜகாத்தில் வாங்க முடியாது. பிசியோதெரபிஸ்டின் சம்பளத்தையும் நேரடியாக ஜகாத்திலிருந்து கொடுக்க முடியாது. ஜகாத்துக்குத் தகுதியான நோயாளியின் கையில் தொகையைக் கொடுத்து, அவர் தம் சிகிச்சைக்குச் செலவிடலாம். சம்பளத்துக்கும், வாக்கர், சக்கர நாற்காலி போன்ற பொதுப் பொருட்களுக்கும் ஸதகாவும் லில்லாஹ் நன்கொடையும் வேண்டும். கொடையாளரிடம் இதைச் சொன்னேன். மாஷா அல்லாஹ், "அப்படியே செய்யுங்கள்" என்று அவரும் சம்மதித்துவிட்டார்.

அரசு தருவதையும் விடாதீர்கள். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அந்த அட்டையைத் தேடி எடுங்கள். சாதாரண நோய் விடுப்புப் பணம் 91 நாளோடு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பக்கவாதம், கால் செயலிழப்பு உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, பணிக்காலமும் சந்தாவும் உரிய அளவில் இருந்தால், கூலியில் 80 சதவீதம் இரண்டாண்டு வரை கிடைக்கும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு வழி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். எழுதிக்கொடுக்க ஆள் இல்லை என்றால், அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வாருங்கள்.

அந்தச் சகோதரியிடம் நான் சொன்ன பதிலையும் சொல்லி முடிக்கிறேன். "அம்மா, நகையை விற்காதீங்க, வட்டிக்கும் வாங்காதீங்க. அவர் நடப்பார்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. யார் அப்படி வாக்குக் கொடுத்தாலும் நம்பாதீங்க. ஆனா வாரம் மூணு நாள் ஆள் வருவாங்க, அதுக்கு நாங்க பொறுப்பு." இப்போது ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். போன வாரம் அவர் கட்டிலோரம் கால் தொங்கவிட்டு, யாரும் பிடிக்காமல் உட்கார்ந்து, அஸர் தொழுதாராம். அந்தச் சகோதரி போனில் சொல்லி அழுதார். நடைக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. அல்லாஹ் நாடினால் அதுவும் வரும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பிசியோதெரபிஸ்ட் வராத மற்ற நாட்களில், அவர் சொல்லிக்கொடுத்தபடி நிறுத்திப் பழக்க இரண்டு பேர் வேண்டும். மனைவி ஒருவர் மட்டும் தாங்கினால் அவரும் இடுப்பு ஒடிந்து படுத்துவிடுவார். ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு வாலிபர்கள் பெயர் கொடுங்கள். பெண் நோயாளிகளுக்கு அண்டை வீட்டுச் சகோதரிகள் முன்வாருங்கள். முதலில் ஒரு நாள் முறையாகப் பயிற்சி தருவோம். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அப்பாஸும் அலியும் (ரலியல்லாஹு அன்ஹுமா) தந்தது பணம் அல்ல, தோள்.

இந்த ரமளானில் நம் ஊரில் படுத்திருக்கும் ஒருவராவது, இரண்டு தோள்களின் தாங்கலில் தராவீஹ் ஸஃப்பின் ஓரத்து நாற்காலி வரைக்கும் வந்து சேர அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.